பூட்ஸைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடிக்கலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கியது):

"வணக்கம் சார். எனக்கு வயது 33. வடசென்னை. சின்ன வயதிலிருந்து ஃபுட்பால்தான். சந்தோஷ் டிராஃபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியிருக்கிறேன். அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆபீஸ் டீமுக்காக சென்னை லீக்கில் சீனியர் டிவிஷன் ஆடினேன். போன வருஷம் முட்டியில் இரண்டாவது தடவையாக ஏசிஎல் ஆபரேஷன். இனி ஆட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் ஏரியா டோர்னமென்டை யூடியூபில் லைவ் போட்டபோது மைக்கில் பேசினேன். அதைப் பார்த்துவிட்டு, தமிழ் வர்ணனைக்கு ஆடிஷன் வரச் சொல்லி மும்பையிலிருந்து ஒரு சேனலில் கூப்பிட்டிருக்கிறார்கள். கேரி லினேக்கர் ஆட்டத்தை விட்டதும் டிவிக்குப் போய் கோடி கோடியாகச் சம்பாதித்தார் என்கிறான் நண்பன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? நான் பேசுவது எங்கள் ஏரியாத் தமிழ். அதை மாற்றிக்கொள்ள வேண்டுமா? மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். தம்பியாக நினைத்துச் சொல்லுங்கள்."

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை விடாதீர்கள். ஆடிஷனுக்குப் போங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வர்ணனையாளர் காதில் பேசுவதுதான் என் பிழைப்பு. ஆடி முடித்தவர்கள் பலர் அந்த நாற்காலிக்கு வருவதையும், அவர்களில் சிலரை மட்டுமே அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவதையும் பக்கத்திலிருந்து பார்க்கிறவன். முதல் தடவை கூப்பிடுவது ஆடிய பேருக்காக. இரண்டாவது தடவை யாரும் அந்தப் பேரைப் பார்ப்பதில்லை. உங்கள் நண்பர் சொன்ன லினேக்கர் கதையிலேயே இது இருக்கிறது, அவர்தான் பாதியை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

லினேக்கர் லெஸ்டர்காரர், 1960-இல் பிறந்தவர். வீட்டுக்கு அந்த ஊர் மார்க்கெட்டில் பழம், காய்கறிக் கடை. லெஸ்டர் சிட்டியில் தொடங்கி எவர்ட்டன், பார்சிலோனா, டாட்டன்ஹாம் என்று ஆடி, கடைசியில் ஜப்பானில் நகோயா அணியில் முடித்தார். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்குக் கொடுக்கும் கோல்டன் பூட். இங்கிலாந்துக்கு 80 ஆட்டத்தில் 48 கோல். அப்போதைய இங்கிலாந்து சாதனையான பாபி சார்ல்டனின் 49-ஐத் தொட ஒன்றே ஒன்றுதான் பாக்கி. 1992-இல் பிரேசிலுக்கு எதிராக அதற்கு ஒரு பெனால்டியே கிடைத்தது, அதையும் கோலியின் கையில் கொடுத்தார். மொத்த ஆட்ட வாழ்க்கையிலும் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காத மனிதர். ஜப்பானில் கால்விரல் காயம் பாடாய்ப் படுத்தியது. 1994-இல் நிறுத்திக்கொண்டார்.

உங்கள் நண்பரின் கதை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. நான் நான்கு வருஷம் பின்னால் போகச் சொல்வேன். 1990 இத்தாலி உலகக் கோப்பையில் இங்கிலாந்து அரையிறுதி வரை போனது. லினேக்கர் அப்போது அணியின் முக்கிய ஸ்ட்ரைக்கர், 4 கோல் அடித்தார். அந்தச் சமயத்திலேயே கூட ஆடியவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஜூனியர் டெஸ்'. டெஸ் லைனம் அப்போது பிபிசியின் ஸ்போர்ட்ஸ் தொகுப்பாளர்களில் முதல் ஆள். டிவிக்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதில் இவருக்கு அவ்வளவு ஈடுபாடு, அதை வைத்துத்தான் கிண்டல். பார்சிலோனாவில் இருந்த காலத்தில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். அங்கே பயிற்சியாளராக வந்த யோஹான் க்ரைஃப் இவரை நடுவிலிருந்து எடுத்து வலது ஓரத்தில் போட்டார். ஸ்ட்ரைக்கருக்கு அது தண்டனைதான். ஆனால் பின்னாளில் ஆட்டத்தைப் பற்றிப் பேசிப் பிழைக்கப்போகிற ஆளுக்கு அதைவிட நல்ல படிப்பு கிடையாது என்று நினைக்கிறேன். ஆட்டத்தை வேறு இடத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்ததே.

அப்புறம் 1994-க்குப் பிறகும் அவரைத் தூக்கி நேராக நடு நாற்காலியில் யாரும் உட்கார வைக்கவில்லை. ரேடியோவில் பேசினார். டிவியில் ஓரமாக உட்கார்ந்து கருத்துச் சொல்லும் ஆளாக இருந்தார். 1995-இல் ஒரு நகைச்சுவை க்விஸ் நிகழ்ச்சியில் அணித் தலைவராகச் சேர்ந்து, தன்னைப் பற்றிய நக்கலுக்கெல்லாம் சேர்ந்து சிரித்தார். அதே வருஷம்தான் அவருடைய ஊர்க் கம்பெனியான வாக்கர்ஸ் சிப்ஸ் விளம்பரமும் ஆரம்பம். மஞ்சள் அட்டையே வாங்காத நல்ல பிள்ளை, அடுத்தவர் சிப்ஸைத் திருடித் தின்கிற ஆளாக வருவார். தொண்ணூறுகளின் நடுவில் சனிக்கிழமை மதிய 'ஃபுட்பால் ஃபோகஸ்' அவர் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, கட்டையாக உட்கார்ந்திருக்கிறார் என்று பத்திரிகைகள் வாரின. குரலுக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தார். 1999-இல் டெஸ் லைனம் போட்டி சேனலான ஐடிவிக்குப் போய்விட, அன்றைய ஆட்டங்களைச் சுருக்கிக் காட்டும் பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியில் தொகுப்பாளர் நாற்காலி காலியானது. ஜூனியர் டெஸ் அதில் உட்கார்ந்தார். பட்டப்பெயருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒன்பது வருஷம்.

அந்த நாற்காலியில் அவர் 2025 மே வரை இருந்தார். அவர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற நிகழ்ச்சி மாதிரிதான் வெளியே தெரியும். சனிக்கிழமை மதியமே வந்து, சுவர் முழுக்கத் திரைகளில் ஒரே நேரத்தில் ஓடுகிற ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். எந்த ஆட்டம் முதலில், எது கடைசியில் என்று எடிட்டர் முடிவு செய்வார். ராத்திரிக்குள் ஒவ்வொரு ஆட்டத்தையும் சில நிமிஷத்துக்குச் சுருக்கியாக வேண்டும். தொகுப்பாளர் தன் வசனத்தைத் தயார் செய்ய வேண்டும். நிகழ்ச்சி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும், காதில் இயக்குநர் சொல்வதையும் கேட்க வேண்டும், கேட்கிற மாதிரி முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. பக்கத்தில் இருக்கும் முன்னாள் ஸ்ட்ரைக்கர் ஆலன் ஷியரர் ஒரு கோலைப் பற்றிப் பேசுவதற்கு எந்தக் கேள்வி போட்டால் நன்றாகப் பேசுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். கோல் அடித்த கால் இதில் எதற்கும் உதவாது.

2017-இல் பிபிசி முதல்முறையாக சம்பளப் பட்டியலை வெளியிட்டபோது லினேக்கர் பெயருக்கு எதிரே இருந்தது 17.5 லட்சம் முதல் 18 லட்சம் பவுண்டு வரை. உங்கள் நண்பர் கண்ணில் பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். அது வீட்டுக்கு வீடு லைசென்ஸ் கட்டணம் வசூலித்து நடக்கும் நிறுவனம், அந்த நாட்டின் முதல் நம்பர் விளையாட்டு, அதன் முதல் நம்பர் நாற்காலி. அந்தத் தொகையை வைத்து இங்கே கணக்குப் போட ஆரம்பித்தால் வீட்டில் சண்டைதான் மிச்சம்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழில் ஃபுட்பால் வர்ணனை என்பது இன்னும் சீசன் வேலைதான். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், பில் போட வேண்டும், டிடிஎஸ் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பெரும்பாலும் ஸ்டேடியத்துக்கே போக மாட்டீர்கள். ஸ்டூடியோவில் ஒரு சின்ன அறையில் திரையைப் பார்த்துப் பேசுவதுதான். அந்த ஸ்டூடியோ பெரும்பாலும் மும்பையில் இருக்கும். உரிமை ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் உங்களைத் தெரிந்த தயாரிப்பாளரும் போய்விடுவார். ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் ஸ்டாரில் ஆரம்பித்தது. 2023-இல் வயாகாம்18 கைக்கு மாறியது. 2022 உலகக் கோப்பையைத் தமிழ் வர்ணனையோடு ஜியோ சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இப்படிக் கை மாறிக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் மேலே, 2025 ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்தி வைப்பதாக ஐஎஸ்எல்லை அப்போது நடத்திய நிறுவனம் அறிவித்தது. இந்திய ஃபுட்பால் கூட்டமைப்போடு 2010-இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் அந்த வருஷம் முடியவிருந்தது, புதுசு அப்போது கையெழுத்தாகவில்லை என்பது காரணம். அந்த ஜூலையில் இதை மட்டும் நம்பி வேலையை விட்டிருந்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உங்கள் மனைவி சொல்வதை நான் வழிமொழிவது இதனால்தான்.

சரி, வேலையில் இருந்துகொண்டே செய்ய முடியுமா? முடியும், ஆனால் சொல்லாமல் செய்ய முடியாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இன் 15-வது விதி, முன் அனுமதி இல்லாமல் வேறு வேலையோ வியாபாரமோ செய்யக்கூடாது என்கிறது. ரயில்வேயில் இருந்தால் அவர்களுக்குத் தனியாக 1966 விதிகள் உண்டு, சாரம் ஒன்றுதான். பணம் வாங்காமல் ஆடுவதற்கு அனுமதி தேவையில்லை என்று அதே விதியில் இருப்பதைக் காட்டி, 'இதுவும் ஸ்போர்ட்ஸ்தானே சார்' என்று உங்கள் ஆபீஸில் யாராவது சொல்வார்கள். காசு வாங்கிக்கொண்டு டிவியில் பேசுவது அதில் வராது. ஸ்போர்ட்ஸ் ஆபீசரிடம் முதலில் வாயால் பேசுங்கள், பிறகு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்தப் போட்டி, எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று தெளிவாக எழுதுங்கள். அனுமதிக் கடிதம் கையில் வராமல் ஒரு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். யூடியூபில் பேசியதற்கு ஏதாவது பணம் வந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இனி வேலையைப் பற்றி. மைக் முன்னால் மூன்று விதமான நாற்காலிகள் இருக்கின்றன. ஸ்டூடியோவில் நடத்துகிற தொகுப்பாளர், ஆட்டம் ஓடும்போது பந்தோடு ஓடுகிற பிரதான வர்ணனையாளர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகிற முன்னாள் ஆட்டக்காரர். உங்களைக் கூப்பிட்டிருப்பது பெரும்பாலும் மூன்றாவதுக்கு. லினேக்கர் உட்கார்ந்தது முதல் நாற்காலி. ஆட்டக்காரர்கள் மிகக் குறைவாகப் போகிற இடம் அது. அவருக்கு முன்னால் ஜிம்மி ஹில் இருந்தார், ஆர்செனல் கோலி பாப் வில்சன் 1974-இலிருந்து இருபது வருஷம் ஃபுட்பால் ஃபோகஸ் நடத்தினார். ஆனால் இங்கே நீங்கள் படிக்க வேண்டியது லினேக்கரை அல்ல, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலன் ஹான்சனை.

ஹான்சன் லிவர்பூல் டிஃபெண்டர். 1992 முதல் 2014 வரை 'மேட்ச் ஆஃப் தி டே'யில் இருந்தார். கோலைத் திரும்பத் திரும்பக் காட்டி 'என்ன ஒரு அடி' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், கோலுக்குப் பத்து விநாடி முன்னால் படத்தை நிறுத்தி, 'இந்த டிஃபெண்டர் எங்கே நிற்கிறார் பாருங்கள்' என்று சொன்ன ஆள். 1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றபோது, பொடிப்பசங்களை வைத்து ஒன்றும் ஜெயிக்க முடியாது என்று அடித்துச் சொன்னார். அந்தப் பொடிப்பசங்களில் பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில் எல்லாம் இருந்தார்கள். அந்த சீசனில் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் யுனைடெடுக்கே. வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். ஆனாலும் இன்னும் 19 வருஷம் அவரைக் கூப்பிட்டார்கள். தப்பாகச் சொன்னாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிற ஆள் டிவிக்கு வேண்டும். இரண்டு பக்கமும் நல்ல முயற்சி என்று வழவழவென்று பேசுகிறவரை என்ன செய்வது?

உங்கள் யூடியூப் வீடியோவின் லிங்க் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ஒரு இடம் சொல்கிறேன். இரண்டாவது பாதியில் நீல ஜெர்ஸி அணி கோல் அடிக்கிறது. நீங்கள் சொல்வது: "சூப்பர் பாஸ்... செம ரன்... அடிச்சான் பாரு, கோல்!" குரலில் உயிர் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் பார்க்கிறவனுக்கே தெரிகிறது. அதற்குச் சற்று நேரம் கழித்து, ரீப்ளே இல்லாத அந்த இடைவெளியில், போகிற போக்கில் ஒன்று சொல்கிறீர்கள்: "அந்த லெஃப்ட் பேக் கால் வலிக்குது போல, பத்து நிமிஷமா உள்ளயே நிக்கிறான், அதான் இவனுக்கு அந்தப் பக்கம் பூரா காலி." நான் வீடியோவை நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், அந்தப் பையன் நொண்டுகிறான். ஆடியவன் கண்ணுக்குத்தான் இது படும். இந்த வாக்கியத்துக்குத்தான் சேனல் உங்களுக்குக் காசு கொடுக்கும். முதலில் கத்தியதற்குக் கொடுக்காது, அதைச் செய்யத்தான் பக்கத்தில் இன்னொருவர் இருப்பாரே.

இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் நிறுத்தவே இல்லை. தனியாகப் பேசியதால் அப்படி. ஸ்டூடியோவில் இருவர் இருப்பீர்கள். பந்து பெனால்டி ஏரியாவுக்குள் போகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது பிரதான வர்ணனையாளரின் நேரம். கோல் விழுந்ததும் அவர் சொல்லி முடித்து, கூட்டத்தின் சத்தம் கொஞ்ச நேரம் ஓடட்டும். ரீப்ளே வந்ததும் உங்கள் முறை. இரண்டு ரீப்ளே போட்டால் உங்களுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து விநாடி. அதற்குள் காரணத்தைச் சொல்லி முடிக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் கிக்-ஆஃப் எடுத்துவிடுவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் என்னைப் போன்ற ஒருவர் 'அடுத்தது கோலிக்குப் பின்னால் இருக்கும் கேமரா' என்றோ, 'ஐந்து, நான்கு, மூன்று' என்றோ சொல்லிக்கொண்டிருப்பார். புதிதாக வரும் ஆட்டக்காரர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காதில் குரல் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு "ஆங்?" என்று கேட்பார்கள், அது அப்படியே ஒளிபரப்பில் போய்விடும்.

இதற்கு வீட்டிலேயே பழகலாம். ஒரு பழைய ஆட்டத்தைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு போனில் ரெக்கார்ட் செய்து பேசுங்கள். ஒரு காதில் ஹெட்செட் மாட்டி அதில் செய்தியை ஓடவிடுங்கள். செய்தி காதில் விழுந்துகொண்டிருக்க, நீங்கள் பாட்டுக்கு ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். முதல் வாரம் தலை வலிக்கும். உங்கள் மனைவிக்கு நேரமிருந்தால், திடீரென்று விரலை மடக்கி ஐந்திலிருந்து எண்ணிக் காட்டச் சொல்லுங்கள், ஒன்று வரும்போது வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். பேசியதை மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 'பாத்தீங்கன்னா' எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள், பயந்துவிடாதீர்கள்.

உங்கள் ஏரியாத் தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு லினேக்கரைவிட அலெக்ஸ் ஸ்காட்டின் கதை உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். லண்டனின் கிழக்கே பாப்லர் என்கிற உழைப்பாளிகள் பகுதியில் வளர்ந்தவர். இங்கிலாந்து பெண்கள் அணிக்கு 140 ஆட்டம். 2007-இல் ஆர்செனல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இறுதிப்போட்டியின் ஒரே கோல் அவருடையது. அந்தக் காலத்தில் பெண்கள் ஃபுட்பாலில் காசு இல்லை. அதே ஆர்செனலின் லாண்டரியில் ஆண்கள் அணியின் ஜெர்ஸியைத் துவைக்கிற வேலையும் பார்த்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாஃபர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஸ்போர்ட்ஸ் எழுத்தும் ஒளிபரப்பும் படித்து 2016-இல் பட்டம் வாங்கினார். 2018-இல்தான் ஆட்டத்தை முழுக்க விட்டார், அந்த வருஷமே ஆண்கள் உலகக் கோப்பைக்கு பிபிசியில் உட்கார்ந்தார். 2021-இல் ஃபுட்பால் ஃபோகஸ் அவர் கைக்கு வந்தது. அதே வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸை அவர் வழங்கிக்கொண்டிருந்தபோது, முன்பு பிரிட்டன் பிரபுக்கள் சபையில் இருந்த டிக்பி ஜோன்ஸ் என்பவர், இந்தப் பெண் ஆங்கில வார்த்தைகளின் கடைசி ஒலியை முழுங்குகிறார், பேச்சுப் பயிற்சி கொடுக்கக் கூடாதா என்று பகிரங்கமாகக் கேட்டார். நான் பாப்லரில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவள், அதில் எனக்குப் பெருமைதான், என் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று பதில் சொன்னார். மாற்றிக்கொள்ளவில்லை.

நீங்களும் மாற்றவேண்டாம். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் பந்தை எப்படிப் பேசுகிறார்களோ அப்படித்தான் தமிழில் ஃபுட்பால் உயிரோடு இருக்கிறது. ஆனால் திருநெல்வேலியில் உட்கார்ந்து கேட்கிறவருக்கும் புரிய வேண்டும், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் புரிய வேண்டும். அதற்கு வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். வார்த்தை முடிவதற்குள் அடுத்த வார்த்தையில் ஏறிவிடுகிறீர்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் பெயர்களை மட்டும் முதல்நாளே எழுதி வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வீடியோவில் சில சமயம் 'அவன் இவன்' என்று வருகிறது, உங்கள் தெருப் பையன்களைப் பற்றிப் பேசியதால் சரி. டிவியில் 'அவர்'. எதிர் அணி கோலியானாலும் 'அவர்'.

மைக் பற்றி ஒரு எச்சரிக்கை. அணைத்துவிட்டார்கள் என்று நம்பி எதுவும் பேசாதீர்கள். 2004-இல் ரான் அட்கின்சன், ஐடிவியில் பெரிய பெயர், ஒளிபரப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து செல்சி ஆட்டக்காரர் மார்செல் டெசாய்யைப் பற்றி இனவெறியாகப் பேசினார். வேறு சில நாடுகளில் அது லைவாகவே போய்க்கொண்டிருந்தது. அன்றோடு அந்த வேலை முடிந்தது. 2011-இல் ஸ்கை சேனலின் வர்ணனையாளர் ஆண்டி கிரே, ஒரு பெண் துணை நடுவரைப் பற்றி மைக் ஒளிபரப்பில் இல்லாதபோது இழிவாகப் பேசியது வெளியே வந்தது, அதைத் தொடர்ந்து இன்னொரு பேச்சும் வெளியாகி வேலை போனது. அவர்கள் பேசியது மைக் இல்லாவிட்டாலும் தப்புதான். கிளப் டிரஸ்ஸிங் ரூமில் சாதாரணமாக ஓடும் பேச்சு நிறைய இருக்கும், அதை ஸ்டூடியோ வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

சமூக ஊடகம் இன்னொரு மைக். லினேக்கரையே பாருங்கள். 2023 மார்ச்சில் பிரிட்டன் அரசின் அகதிகள் சட்ட மசோதா பற்றி, அரசு பேசும் மொழி முப்பதுகளின் ஜெர்மனியை நினைவுபடுத்துகிறது என்று எழுதினார். பிபிசி அவரை ஒதுங்கி இருக்கச் சொன்னது. நிகழ்ச்சியில் கூட உட்காரும் ஷியரர், இயன் ரைட் எல்லாரும் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை தொகுப்பாளரும் இல்லாமல் வர்ணனையும் இல்லாமல் வெறும் இருபது நிமிஷம் நிகழ்ச்சி ஓடியது. சில நாளில் திரும்பி வந்தார். என்னைக் கேட்டால் அதில் நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் 2025-இல் இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றிப் பகிர்ந்த ஒரு வீடியோவில் எலிப் படம் இருந்தது, யூதர்களை இழிவுபடுத்த வரலாற்றில் பயன்பட்ட உருவம் அது. கவனிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார், ஆனாலும் திட்டமிட்டதற்கு முன்பே பிபிசியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவருக்கு சொந்தமாக ஒரு பாட்காஸ்ட் நிறுவனமே இருக்கிறது, தாங்கும். உங்களுக்கு இருப்பது அரசு வேலை. அரசியல் கருத்துக்கு நடத்தை விதிகளில் தனியாக வேறு விதி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. முட்டி போனாலும் கோச்சிங் போகலாம். அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் ஆரம்பப் படிகளில் ஒன்று, அந்தப் படிப்பை முடித்து வையுங்கள். கோச் ஆகிறீர்களோ இல்லையோ, ஒரு அணி ஏன் இப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்கும். வர்ணனை இல்லாத மாதங்களில் ஆபீஸ் டீமுக்கு உதவியாகவும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர் ஆடாமல் போனபிறகு ஆபீஸில் அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா.

ஆடிஷனில் என்ன நடக்கும் என்றால், ஒரு பழைய ஆட்டத்தின் பத்துப் பதினைந்து நிமிஷத்தைப் போட்டு, உங்களைத் தெரியாத ஒரு வர்ணனையாளரோடு உட்கார வைப்பார்கள். எந்த ஆட்டம் என்று முன்கூட்டியே கேளுங்கள், சில இடத்தில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் போன சீசன் ஐஎஸ்எல் ஆட்டங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பதிவுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் பேசி, 'நான் எப்போது உள்ளே வரட்டும், கையைத் தொட்டுக் காட்டலாமா' என்று கேட்டுவிடுங்கள். காதில் மாட்டும் கருவியில் சத்தம் அதிகமாக இருந்தால் தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மைக்கை நிறுத்தி வைக்கும் பட்டன் எது என்று கேட்டுவைத்துக்கொண்டு இருமல் வந்தால் அதை அழுத்துங்கள். தெரியாத ஆட்டக்காரர் பெயர் வந்தால் ஊகிக்காமல் ஜெர்ஸி நம்பரைச் சொல்லுங்கள்.

போக்குவரத்துச் செலவை யார் தருகிறார்கள் என்று போனில் பேசும்போதே கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். லீவு லெட்டரில் ஆடிஷன் என்றே எழுதுங்கள். போய்வந்து என்ன ஆயிற்று என்று எழுதினால், ஒப்பந்தத் தாள் வந்திருந்தால் அதை எப்படிப் படிப்பது என்று அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.